ஒரே பந்தி, ஒரே உலை: தமிழகத் திருச்சபையில் சாதியும் திருவிருந்தும்

திருவிருந்து கிறிஸ்தவ வழிபாட்டின் மையச் சடங்கு. கத்தோலிக்கர் இதை நற்கருணை என்றும், சீர்திருத்த சபையினர் இராப்போஜனம் அல்லது திருவிருந்து என்றும் அழைப்பர். இயேசு தம் சீடரோடு உண்ட கடைசி உணவின் நினைவாக, அப்பமும் திராட்சை இரசமும் பகிரப்படுகின்றன. விசுவாசிகள் அனைவரும் ஒரே உடலின் உறுப்புகள் என்பது இச்சடங்கு சொல்லும் செய்தி.

தமிழகத்தில் இந்தச் சடங்கு இன்னொரு பொருளையும் பெற்றது. யார் யாருடன் உண்ணலாம், யார் கையால் நீர் வாங்கலாம் என்பவை சாதியின் அடிப்படை விதிகளைச் சேர்ந்தவை. ஒரே அப்பத்தையும் ஒரே கிண்ணத்தையும் எல்லாச் சாதியாரும் பகிர வேண்டும் என்ற வழிபாட்டு விதி, சாதி விதிகளோடு நேருக்கு நேர் மோதியது. கிறிஸ்தவ நம்பிக்கை ஒரு பண்பாட்டுச் சிக்கலுக்கு என்ன விடை தருகிறது என்ற கேள்வி, இங்கே ‘யார் பக்கத்தில் யார் உட்காருவது’ என்ற கேள்வியாக வந்து நின்றது. அக்கேள்விக்குக் கடந்த நானூறு ஆண்டுகளில் திருச்சபை தந்த வெவ்வேறு விடைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கத் திருச்சபையில் பந்தி

பந்தி பற்றிய சிக்கல் தமிழகத்தில் தோன்றியதன்று. அது புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. அந்தியோகியா நகரில் யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி அப்பந்தியிலிருந்து விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். இச்செய்தியைப் பவுலே கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பதிவு செய்துள்ளார். யூதர், கிரேக்கர், அடிமை, சுதந்திரர் என்ற வேறுபாடு கிறிஸ்துவுக்குள் இல்லை என்ற புகழ்பெற்ற கூற்று இடம்பெறுவதும் இதே கடிதத்தில்தான்.

கொரிந்து நகரச் சபையில் சிக்கல் வேறுவிதமாக இருந்தது. வசதி படைத்தவர்கள் முதலில் வந்து உண்டு குடித்தனர். வேலை முடித்துத் தாமதமாக வந்த ஏழைகள் பசியோடு நின்றனர். இப்படி உண்பது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்று பவுல் எழுதினார். பந்தியில் பாகுபாடு நுழைந்தால் சடங்கு பொருளிழந்துவிடும் என்பது அவர் நிலைப்பாடு. பிற்காலத்தில் சாதியை எதிர்த்த கிறிஸ்தவர் பலரும் இவ்விரு நிகழ்வுகளுக்கே திரும்பத் திரும்பச் சென்றனர்.

நோபிலியின் வழி

இத்தாலியில் 1577ஆம் ஆண்டு பிறந்த இராபர்ட் தெ நோபிலி என்ற இயேசு சபைத் துறவி 1606இல் மதுரைக்கு வந்தார். அப்போது அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற மூத்த குரு பணியாற்றி வந்தார். அவருடைய சபையில் போர்த்துக்கீசியரும், கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவரும் இருந்தனர். மதுரை மக்கள் கிறிஸ்தவத்தைப் ‘பரங்கி மார்க்கம்’ என்றே கருதினர். மாட்டிறைச்சி உண்பவர்கள், மது அருந்துபவர்கள், சாதி ஆசாரம் அற்றவர்கள் என்பது அச்சொல்லின் உட்பொருள்.

நோபிலி வேறு வழியைத் தேர்ந்தார். காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தனி இல்லத்தில் துறவியாக வாழ்ந்தார். பெர்னாண்டஸின் சபையோடு கலக்காமல் விலகி நின்றார். பூணூல், குடுமி, சந்தனம் போன்றவை சமூக வழக்கங்களே, சமயச் சின்னங்கள் அல்ல என்று வாதிட்டார். கிறிஸ்தவராக மாறுபவர் தம் மொழியையும் உடையையும் உணவையும் துறக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதத்தின் வலிமை. ஆனால் அந்த ‘சமூக வழக்கம்’ என்ற பெட்டிக்குள் சாதியும் சேர்ந்தே வைக்கப்பட்டது.

நோபிலியின் முறை பற்றிய விசாரணை உரோமை வரை சென்றது. திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623இல் வெளியிட்ட ஆணை அவருடைய முறையை அனுமதித்தது. உயர்குடியினர் தாழ்ந்தோரை இகழக் கூடாது என்ற வேண்டுகோளும் அதே ஆணையில் இருந்தது. வழக்கங்களை ஏற்றுக்கொண்டு இகழ்ச்சியை மட்டும் விலக்க முடியும் என்று அது நம்பியது.

நடைமுறை வேறாக இருந்தது. பிராமண சந்நியாசி போல வாழ்ந்த குரு, ஒடுக்கப்பட்டோரின் வீடுகளுக்குச் செல்ல முடியவில்லை. எனவே 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்ற இன்னொரு வகைக் குருக்கள் ஏற்படுத்தப்பட்டனர். அவர்கள் பிற சாதியினரிடையே பணியாற்றினர். இவ்வாறு குருக்களிடமே இரு வரிசைகள் தோன்றின. 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் வெளியிட்ட ஆணை இம்முறையின் பல கூறுகளைத் தடை செய்தது. நோயுற்ற பறையர்களை அவர்கள் வீட்டுக்கே சென்று சந்திக்கக் குருக்கள் மறுப்பதும் அதில் கண்டிக்கப்பட்டது. ‘மலபார்ச் சடங்குகள்’ என்று அழைக்கப்பட்ட இவ்விவாதம் 1744இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையோடு முடிந்தது. அப்போதும் ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை நியமிக்கும் ஏற்பாடே தீர்வாக முன்வைக்கப்பட்டது.

தரங்கம்பாடியில் ஒரு குருப்பட்டம்

1706ஆம் ஆண்டு ஜூலையில் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். இந்தியாவில் சீர்திருத்தக் கிறிஸ்தவப் பணி இவர்களோடு தொடங்குகிறது. இச்சபைகளில் வெள்ளாளரும் பறையரும் ஒரே ஆலயத்தில் கூடினர். ஆனால் இடைவெளி விட்டுத் தனித்தனியே அமர்ந்தனர். திருவிருந்தில் வெள்ளாளர் முதலிலும் பறையர் பின்னரும் பங்கு பெறுவது வழக்கமாயிற்று. சில இடங்களில் இரண்டு கிண்ணங்களே பயன்பட்டன.

இந்த அமைப்பின் விலை என்ன என்பதை இராசநாயக்கன் என்ற உபதேசியாரின் வாழ்க்கை காட்டுகிறது. அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். தஞ்சை அரசரின் படையில் இருந்தவர். வேதநூலைத் தாமே வாசித்து நம்பிக்கைக்கு வந்தவர். தஞ்சைப் பகுதியில் பலரைச் சபையில் சேர்த்தவர். 1733இல் முதல் தமிழ்க் குருவாக ஆரோன் பட்டம் பெற்றார். அவர் வெள்ளாளர். அடுத்து இராசநாயக்கனுக்குப் பட்டம் தருவது பற்றிப் பேசப்பட்டது. ஆனால் அவர் கையிலிருந்து வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்தைப் பெறமாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினர். அவர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். அவருடைய நம்பிக்கையையோ உழைப்பையோ யாரும் ஐயப்படவில்லை. அப்பத்தை நீட்டும் அவர் கை மட்டுமே தடையாக இருந்தது.

1833ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மிஷனரிகளின் புதிய தலைமுறை வந்தபோது நிலைமை மாறியது. கல்கத்தா ஆயராக 1832இல் பொறுப்பேற்ற டேனியல் வில்சன், 1833ஆம் ஆண்டு ஜூலையில் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை ஒன்றை அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமை உறுதியாகவும் உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிடப்பட வேண்டும் என்று அது கட்டளையிட்டது. இருக்கையிலும் திருவிருந்திலும் பிரிவினை கூடாது என்றது.

சென்னை வேப்பேரி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் இவ்வறிக்கை வாசிக்கப்பட்டபோது பெரும் எண்ணிக்கையினர் சபையை விட்டு வெளியேறினர். அவர்களில் பலர் பின்னர் லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர். அந்த மிஷனின் தலைவரான கார்ல் கிரௌல், சாதியை ஒரு சமூக அமைப்பாகப் பார்த்து, அது காலப்போக்கில் மறையும் என்று பொறுத்துக்கொண்டார்.

மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் எதிர்த் திசையில் சென்றது. 1847இல் அது சாதிச் சோதனையைக் கட்டாயமாக்கியது. தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியினர் சமைத்த உணவை உண்ண மறுத்த உபதேசியார்களும் சபையினரும் நீக்கப்பட்டனர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் சாதிக்கு எதிரான கூட்டறிக்கை வெளியிட்டது. ‘அன்பின் விருந்து’ என்ற சமபந்தி உணவு, நம்பிக்கையை அளக்கும் கோலாக ஆயிற்று.

சாஸ்திரியாரின் மறுப்பு

இந்த மாற்றத்தை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்த இவர், மிஷனரி சுவார்ட்ஸின் பராமரிப்பில் தஞ்சையில் வளர்ந்தவர். இரண்டாம் சரபோஜி மன்னரின் அவையில் சிறப்புப் பெற்ற புலவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ இவருடைய புகழ்பெற்ற படைப்பு. தமிழ்க் கிறிஸ்தவ இசை மரபை உருவாக்கியவர்களில் முன்னிற்பவர்.

1820களின் இறுதியிலேயே தஞ்சையில் புதிய மிஷனரிகளோடு அவருக்குப் பூசல் தொடங்கியது. அவர்கள் செய்த கொடுமைகள் என அவர் நான்கைக் குறிப்பிட்டார். பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது முதலாவது. எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்க வற்புறுத்தியது இரண்டாவது. திருமணத்திலும் சாவிலும் பூக்களைத் தடுத்தது மூன்றாவது. தமிழ்ப் பாடல்களையும் இசையையும் வழிபாட்டிலிருந்து விலக்கியது நான்காவது.

இப்பட்டியல் கவனமாகப் படிக்கத்தக்கது. பூவும் பாட்டும் மொழியும் ஒரு மக்களின் பண்பாடு. அவற்றை அயலார் பறிப்பது அநீதி என்று இன்றைய வாசகர் எளிதில் ஒப்புக்கொள்வார். ஆனால் அதே பட்டியலில், அதே சினத்தோடு, சாதி இருக்கையும் இடம்பெறுகிறது. சாஸ்திரியாருக்கு நான்கும் ஒன்றே. அவரை எதிர்த்த மிஷனரிகளுக்கும் நான்கும் ஒன்றே. அவர் நான்கையும் பண்பாடு என்று காக்க முயன்றார். அவர்கள் நான்கையும் அஞ்ஞானம் என்று நீக்க முயன்றனர். மாலையைத் தடை செய்த கையே சாதியையும் தடை செய்ததால், சாதியைக் காப்பவர் தம் பண்பாட்டையே காப்பதாக எண்ண வழி பிறந்தது. பண்பாட்டிலிருந்து ஒடுக்குமுறையைப் பிரித்தறியும் மூன்றாவது நிலைப்பாடு உருவாக இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

ஒடுக்கப்பட்டோர் கேட்ட செய்தி

தலைவர்கள் இருக்கைகளைப் பற்றி வாதிட்டுக் கொண்டிருந்த காலத்தில், சாதி அடுக்கின் கீழே இருந்தவர்கள் நற்செய்தியை வேறு விதமாகக் கேட்டனர். திருநெல்வேலிப் பகுதியில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நாடார் சமூகத்தினர் கூட்டங்கூட்டமாகச் சபையில் சேர்ந்தனர். எதிர்ப்பின் காரணமாக ஊரைவிட்டு விலகிப் புதிய ஊர்களை அமைத்தனர். 1799இல் உருவான முதலூர் அவற்றில் முதலாவது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1822 முதல் 1859 வரை விட்டுவிட்டு நடந்தது. கிறிஸ்தவப் பெண்கள் அதில் முன்னணியில் நின்றனர்.

1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தை ஒட்டி ஒடுக்கப்பட்ட மக்கள் பல்லாயிரக்கணக்கில் கிறிஸ்தவரானார்கள். இவர்கள் கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏளனம் அன்றும் இருந்தது, இன்றும் உண்டு. பசித்தவருக்கு உணவளிப்பது அற்பமான காரியம் என்று கருதுபவரே இப்படிப் பேச முடியும். அந்த மக்களுக்குக் கஞ்சியைவிடப் பெரிதாகத் தோன்றியது, அதை ஊற்றியவர் தங்களைத் தொட்டு உட்கார வைத்தார் என்பது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பணியாற்றிய மிஷனரிகள் சிலர் பறையர்களின் நிலமின்மையை அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றனர். 1891இல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையும், அடுத்த ஆண்டு வெளிவந்த அரசாணையும் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படையாயின.

வடக்கன்குளத்துச் சுவர்

திருநெல்வேலி மாவட்டத் தென்கோடியில் உள்ள வடக்கன்குளம் பழைமையான கத்தோலிக்க ஊர். 1870களில் அங்கே கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயம் வினோதமான அமைப்பு உடையது. பீடத்திலிருந்து இரு மண்டபங்கள் இரு கால்கள் போலப் பிரிந்து சென்றன. ஒன்று வெள்ளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கு. இடையே சுவர். பீடத்தில் நிற்கும் குரு இரு பக்கத்தாரையும் பார்க்கலாம். இரு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கால்சட்டை போன்ற கோயில் என்று இது பேசப்பட்டது.

1910இல் இச்சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளர் நீதிமன்றம் சென்றனர். தனி இடம் தங்கள் வழிவழி உரிமை என்று வாதிட்டனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் அதன் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர், ஆலயத்துக்குள் சாதி அடிப்படையில் தனி உரிமை கோர முடியாது என்ற வகையில் அவர்கள் தோற்றனர். செங்கல்லும் சுண்ணாம்பும் ஒரு நாளில் வீழ்ந்தன. அதை ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

எடின்பரோவில் ஒரு தமிழர்

அதே 1910ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அதில் வேதநாயகம் சாமுவேல் அசரியா என்ற முப்பத்தைந்து வயதுத் தமிழர் பேசினார். அவர் 1874இல் திருநெல்வேலியை அடுத்த வெள்ளாளன்விளையில் நாடார் குடும்பத்தில் பிறந்தவர். மிஷனரிகளுக்கும் இந்தியப் பணியாளர்களுக்கும் இடையே உள்ள உறவு பற்றி அவர் வெளிப்படையாகப் பேசினார். கைகுலுக்கல், நாற்காலி, விருந்து, தேநீர் ஆகியவற்றை அவையவைக்காகக் கேட்கவில்லை என்றும், நட்பின் அடையாளமாக இருந்தால் அவையெல்லாமே வேண்டும் என்றும் சொன்னார். தியாகத்தையும் பொருளையும் தந்த மிஷனரிகள் நண்பர்களையும் தர வேண்டும் என்று கேட்டு முடித்தார். அவையில் பலர் முகம் சுளித்தனர்.

தமிழ்க் கிறிஸ்தவர்களைச் சமபந்தியில் உட்காரச் சொன்ன வெள்ளையர்கள் தாமே இந்தியரோடு ஒரே மேசையில் அமரத் தயங்கினர். சாதியைக் கண்டித்தவர்களிடம் நிறப் பாகுபாடு இருந்தது. சாஸ்திரியார் போன்றோர் முன்பே சுட்டிக்காட்டிய முரண் இது. அசரியா அதைச் சாதிக்கு ஆதரவான வாதமாக ஆக்காமல், இரு பக்கத்தையும் கேள்வி கேட்கும் வாதமாக ஆக்கினார்.

1912இல் அவர் தோர்ணக்கல் மறைமாவட்டத்தின் ஆயரானார். ஆங்கிலிக்கன் சபையில் ஆயரான முதல் இந்தியர் அவரே. தெலுங்குப் பகுதியில் மாலா, மாதிகா ஆகிய ஒடுக்கப்பட்ட சமூகங்களிடையே பணியாற்றினார். அவ்விரு சமூகங்களும் தமக்குள் உணவு கலக்காதவை. இருவரையும் ஒரே விருந்தில் அமர வைப்பது அவருடைய பணியின் கடினமான பகுதியாக இருந்தது.

சென்னைச் சாலையோரத்தில் ஒரு வழக்கு

விடுதலைக்குப் பின் சிக்கல் புதிய வடிவம் எடுத்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சேராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் இதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே உள்ளனர். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர்.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்து வந்தவர் சூசை. பட்டியல் சாதியைச் சேர்ந்த சாலையோரத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை கிறிஸ்தவச் சமூகத்துக்குள் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று மனு தள்ளுபடியானது.

வில்சனின் சுற்றறிக்கை வாசிக்கப்பட்ட அதே சென்னையில், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவர் தம் உரிமையைப் பெறுவதற்கு, தம் சபையில் சாதி ஒழியவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. தலித் கிறிஸ்தவர்களின் இரட்டைச் சுமை இதுவே. அரசின் கண்ணில் அவர்கள் சாதியற்றவர்கள். சபையின் கண்ணில் பல இடங்களில் அவர்கள் சாதியினர். சபை தன் குறையை மறைத்தால் அவர்கள் உரிமை போகும். ஒப்புக்கொண்டால் சபையின் மதிப்பு போகும். 1980களின் இறுதியிலிருந்து தலித் கிறிஸ்தவ இயக்கங்கள் அரசையும் திருச்சபையையும் ஒருங்கே கேள்வி கேட்கத் தொடங்கின.

ஒரே உலை

இதே காலத்தில் தலித் இறையியல் உருவானது. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை அதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் 1987இல் தலித் இறையியலுக்குத் தனித்துறை ஏற்பட்டது. ஒடுக்கப்பட்டோரின் துயரத்திலிருந்தே கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும் என்பது இவ்விறையியலின் அடிப்படை.

மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இச்சிந்தனையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ‘பறட்டை’ என்ற பெயரில் பாடல்கள் எழுதினார். கிராமிய இசையில் முழு வழிபாட்டு முறை ஒன்றை அமைத்தார். சாவு வீட்டுக்கு உரியது என்று ஒதுக்கப்பட்ட பறை, அவருடைய வழிபாட்டில் பீடத்தின் அருகே முழங்கியது. கடவுளை அழைக்க அவர் கையாண்ட சொல் ‘பெத்தவரே’ என்பது. தாய்க்கும் தந்தைக்கும் பொதுவான பேச்சு வழக்குச் சொல் அது.

அப்பாவு அடிக்கடி வலியுறுத்திய கருத்து ‘ஒரு உலை’ என்பது. ஒவ்வொருவர் வீட்டு அரிசியும் ஒரே பானையில் கொதித்து, எல்லாரும் அதிலிருந்து உண்பது. திருவிருந்தை அவர் இவ்வாறு விளக்கினார். சிறு துண்டு அப்பமும் ஒரு மடக்கு இரசமும் அடையாளமாகச் சுருங்கிப் போன இடத்தில், அவர் உண்மையான சோற்றை மீண்டும் நினைவூட்டினார்.

வரலாற்று நோக்கில் அப்பாவுவின் இடம் முக்கியமானது. நோபிலி பண்பாட்டை ஏற்றார், அதோடு சாதியையும் ஏற்றார். வில்சன் காலத்து மிஷனரிகள் சாதியை மறுத்தனர், அதோடு பண்பாட்டையும் மறுத்தனர். அப்பாவு பறையையும் பேச்சுத் தமிழையும் கிராமத்து இசையையும் தழுவிக்கொண்டார், சாதியை மறுத்தார். சாதியால் எதையும் பெறாதவர்களின் பண்பாட்டிலிருந்து தொடங்கியதால் அவருக்கு இது இயன்றது.

தொடரும் சிக்கல்கள்

2003ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமை சென்றபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது.

ஆயினும் தனிக் கல்லறைகளும், தனித் தெருக்களில் மட்டும் செல்லும் தேர்ப்பவனிகளும் முற்றிலும் மறையவில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் வன்னியக் கத்தோலிக்கருக்கும் தலித் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட மோதலில், காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். தலித் மக்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டதும், இறுதி ஊர்வலப் பாதையில் இருந்த பாகுபாடும் அப்பூசலின் பின்னணியில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களின் மணமக்கள் பகுதியில் சபைப் பெயரும் சாதிப் பெயரும் அருகருகே அச்சாவதை யாரும் காணலாம். ஒரே பீடத்தில் நற்கருணை பெறும் இருவர், தங்கள் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச முடியாமல் போகிறது.

வடக்கன்குளத்துக்கே மீண்டும் வருவோம். சுவர் எழுப்பப்பட்டதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னதாக, 1745இல், அவ்வூரில் நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர் அவர். சாதி பாராமல் எல்லாரோடும் பழகி உண்டார் என்று மக்கள் மரபு அவரை நினைவுகூர்கிறது. 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார். நெடுங்காலம் அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயர் அதற்குள் எழுந்த எதிர்ப்பின் விளைவாக நீக்கப்பட்டிருந்தது. தேவசகாயம் என்றே அவர் பெயர் வாசிக்கப்பட்டது.

மதிப்பீடு

தமிழகத் திருச்சபையின் இவ்வரலாறு வெற்றிக் கதையாகவும் சொல்லப்படுகிறது, தோல்விக் கதையாகவும் சொல்லப்படுகிறது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆன்மாவில் சமம், சமூகத்தில் வேற்றுமை என்று பிரித்த போதெல்லாம் சாதி அந்தப் பிரிவுக்குள் பாதுகாப்பாக வாழ்ந்தது. ஆணையால் மட்டும் ஒழிக்க முயன்ற போதெல்லாம் அது பண்பாட்டின் போர்வையைப் போர்த்திக்கொண்டது. நம்பிக்கையின் செய்தியைத் தெளிவாகக் கேட்டவர்கள் பெரும்பாலும் பந்தியின் கடைசியில் அமர்த்தப்பட்டவர்கள். தங்களை ஒதுக்கிய சபையை விட்டு எளிதில் போயிருக்கக்கூடிய அவர்களில் பலர், அச்செய்தி தமக்கே உரியது என்று உரிமை கொண்டாடித் தங்கினர்.

சாதிப் பெயரைத் தன் பெயரிலிருந்து எடுப்பதா, யாரைத் திருமணம் செய்வது, எந்தக் கல்லறையில் பெற்றோரைப் புதைப்பது போன்ற முடிவுகளை இன்றும் தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர் ஒவ்வொருவரும் தனியே எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு எழுந்துபோன பந்தி இன்னும் முடியவில்லை. இலை போட்டபடியே இருக்கிறது.